இதயத்திற்குள் ஒரு கட்டி: எக்கோ அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

தமிழ்நாடு அரசின் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ மருத்துவ முகாம்கள் 2025 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கப்பட்டன. இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. ஆகியவற்றோடு எக்கோ பரிசோதனையும் இம்முகாம்களில் இடம்பெறுகிறது. எக்கோ என்றாலே மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டும் என்று எண்ணிப் பழகிய மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் வட்டார மக்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் பரிசோதனை அருகில் வந்தால் மட்டும் போதாது; அறிக்கையில் உள்ளது என்ன என்பதும் புரிய வேண்டும். அரிதாக ஓர் அறிக்கையில் ‘இடது மேலறையில் கட்டி’ என்றோ ‘மிக்சோமா’ என்றோ எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கண்டு புற்றுநோய் என்று அஞ்சுவோரும் உண்டு. ‘தீங்கற்ற கட்டிதானே’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவோரும் உண்டு. இரண்டாவது தவறே அதிக ஆபத்தானது.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரியவை. பிணக்கூறாய்வுகளில் ஏறத்தாழ 10,000 பேரில் இருவரிடம் மட்டுமே அவை காணப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு புற்றுநோய் அல்லாதவை. பெரியவர்களிடம் முதன்மையானது மிக்சோமா. ஆண்களைவிடப் பெண்களிடம், பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள் காணப்படுகிறது. ‘தீங்கற்றது’ என்பது நுண்ணோக்கியின் கீழ்த் திசுவைப் பார்ப்பவரின் சொல். திசு புற்றுநோய்த் தன்மை கொண்டதன்று என்பதே அதன் பொருள். இதயத்திற்குள் அக்கட்டி இரத்த ஓட்டத்தை மறிக்கலாம். அதிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

இது தவறவிடப்படுவதற்கு நம் பகுதியில் ஒரு தனிக் காரணம் உண்டு. சிறு வயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இங்குப் பலர். நாற்பது வயதுடைய, வயல்வேலை செய்யும் பெண் ஒருவர் மூச்சுத்திணறலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது. வால்வுச் சுருக்கம் என்று கருதுவது இயல்பே. இடது மேலறை மிக்சோமாவும் ஏறத்தாழ அதே ஒலியைத் தரும். படுத்தால் அல்லது புரண்டால் திணறல் கூடுவதோ குறைவதோ ஒரு குறிப்பு. சிலருக்கு விடாத காய்ச்சலும் எடை குறைவும் இருக்கும். அப்போது காசநோயை மட்டுமே தேடிக்கொண்டு காலம் கழிந்துவிடுகிறது. என் கருத்தில், இந்நோயில் கடினமானது படம் எடுப்பதன்று, சந்தேகப்படுவதுதான்.

ஒருகாலத்தில் இக்கட்டிகள் பெரும்பாலும் இறந்த பின்னரே தெரியவந்தன. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் இதயத்தை ஆராய மீயொலியைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1959-இல் ஜெர்மனியில் எஃபர்ட், டோமானிக் ஆகியோர் இடது மேலறைக் கட்டியை மீயொலியால் கண்டதைப் பதிவு செய்தனர். இன்று வலியோ கதிர்வீச்சோ இன்றிச் சில நிமிடங்களில் அதைக் காணலாம். மேலறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச்சுவரிலிருந்து காம்பு போன்ற பிடிப்பில் தொங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் வால்வை நோக்கிச் சென்று திரும்பும் கட்டியைக் காணும் மருத்துவருக்குப் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை.

ஐயம் எழும் இடங்களும் உள்ளன. வால்வு சுருங்கியவர்களின் மேலறையில் இரத்தமே உறைந்து கட்டியைப் போலத் தோன்றலாம். அதற்கான மருத்துவம் வேறு. அப்போது உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ கட்டியின் பிடிப்பைத் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ., நரம்பில் செலுத்தும் மருந்தின் துணையுடன், கட்டிக்குள் இரத்த ஓட்டம் உண்டா என்பதைக் கொண்டு கட்டியையும் உறைவையும் பிரித்தறிய உதவும். சி.டி. சுண்ணாம்புப் படிவைக் காட்டும். எல்லாருக்கும் இவை எல்லாம் தேவையில்லை. எக்கோ தெளிவாக இருக்கும்போது கூடுதல் படங்களுக்காக அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியன்று.

மிக்சோமாவைக் கரைக்கும் மாத்திரை இல்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு கட்டியை அதன் அடிப்பகுதியுடன் அகற்றுவதே மருத்துவம். குழந்தைகளின் நிலை வேறு: அவர்களிடம் அதிகம் காணப்படும் ராப்டோமயோமா வளர வளரத் தானே சுருங்குவது வழக்கம், தொல்லை தராவிட்டால் கண்காணித்தாலே போதும்.

அறிக்கையில் கட்டி என்று இருந்தால் அடுத்த முகாமுக்காகக் காத்திராதீர்கள். அறிக்கையுடன் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் இதயவியல் பிரிவை உடனே அணுகுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தினர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். இடையில் வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் தளர்தல் ஏற்பட்டால் அந்நொடியே 108-ஐ அழையுங்கள்.

அகற்றிய பின்னரும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ எடுக்க வேண்டும். கட்டி மீண்டும் வருவது அரிது, ஆயினும் உண்டு. இளம் வயதில் வந்திருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தாலோ, பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கும் ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.