பட்டமும் பத்திரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சர்வகலாசாலைகளில், தேகப்பயிற்சி சாஸ்திரத்தைப் போதிக்கும் பகுதிகளில் சில வருஷங்களாகவே ஒரு விவாதம் நடந்துவருகிறது. பாடத்திட்டத்தை ஆசிரியர்கள் தங்கள் ஞானத்தையே துணையாகக் கொண்டு வகுப்பதா, அல்லது மாணவன் பட்டம் பெற்றபின் எந்தத் தொழிற்சபையின் பரீட்சைக்கு உட்கார வேண்டுமோ அந்தச் சபையின் விதிகளுக்கு இணங்கத் திருத்தி அமைப்பதா என்பதே கேள்வி. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு இது உபாத்தியாயர்களுக்குள் நடக்கும் சிறு வழக்காகத் தோன்றலாம். நாம் அப்படிக் கருதவில்லை. பட்டம் என்பது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்படுகிறது, அது தவறினால் கஷ்டம் யார் தலையில் விழுகிறது என்ற பெரிய விஷயங்கள் இதில் அடங்கியிருக்கின்றன.

பூர்வகதையைச் சிறிது கவனிப்பது நலம். 1861-ம் வருஷத்தில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்திலுள்ள ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையில், எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற வைத்தியர் மாணவர்களின் ஆரோக்கியத்தையும் தேகப்பயிற்சியையும் கவனிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் இத்துறை வைத்தியத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. பின்னர், பள்ளிக்கூடங்களுக்கு டிரில் வாத்தியார்களைத் தயார் செய்வதே அதன் முக்கிய வேலையாயிற்று. 1927 முதல் 1947 வரையில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில், களைப்பு என்னும் நிலையை ஆராய்வதற்கென்றே ஓர் ஆராய்ச்சிசாலை இயங்கியது. உழைக்கும் மனிதனுடைய இருதயமும் சுவாசகோசமும் தசைகளும் கடும் வெப்பத்திலும் உயர்ந்த மலைகளிலும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று அது கண்டறிந்தது. 1964-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராங்க்ளின் ஹென்றி, தேகப்பயிற்சியானது உபாத்தியாயர் பயிற்சிக்கு அப்பாற்பட்ட ஒரு தனி ஞானத்துறை என்று வாதித்து எழுதினார். அதன்பின் பல கலாசாலைகளில் பகுதியின் பெயர்ப்பலகையே மாறிற்று. சாஸ்திரம் என்ற கௌரவம் கிடைத்தது. சோதனைக் கருவிகளும் வந்தன. ஆனால், பட்டம் பெற்று வெளியே வரும் வாலிபன் என்ன தொழில் செய்வான் என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை பிறக்கவில்லை.

அந்த விடையைத் தேடிக் கொடுத்தவை சர்வகலாசாலைக்கு வெளியேயுள்ள சங்கங்கள். 'அமெரிக்கன் காலேஜ் ஆப் ஸ்போர்ட்ஸ் மெடிஸின்' என்பது பெயரளவில் காலேஜாயினும் உண்மையில் ஒரு நிபுணர் சங்கம். 1954-ல் தோன்றிய அது 1975 முதல் தகுதிப் பத்திரம் வழங்கிவருகிறது. விளையாட்டு வீரர்களின் பலப்பயிற்சிக்கென 1978-ல் ஏற்பட்ட 'நேஷனல் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் அஸோஸியேஷன்' 1985-ல் தன் பரீட்சையைத் தொடங்கிற்று. இவை சர்க்கார் ஸ்தாபனங்கள் அல்ல. அந்நாட்டில் ஒருவன் வக்கீலாகவோ வைத்தியனாகவோ தொழில் நடத்த லைசென்ஸ் வேண்டும். முடி திருத்துவதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும். ஆனால், இருதய நோயிலிருந்து தேறிவரும் கிழவருக்கு ஓட்டப்பயிற்சி கொடுப்பவனுக்கு லைசென்ஸ் வேண்டுமென்று 1995-ல் சட்டம் செய்தது லூயிஸியானா என்ற ஒரே ராஜ்யந்தான். சட்டம் வெறுமையாக விட்ட இடத்தை இச்சங்கங்களின் பத்திரங்கள் நிரப்பிக்கொண்டன.

இது வெறும் காகிதத்தைப் பற்றிய சண்டை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 2011 ஜனவரியில் ஐயோவா சர்வகலாசாலையின் கால்பந்தாட்டக் கோஷ்டியைச் சேர்ந்த 13 வாலிபர்கள், விடுமுறை கழிந்தவுடன் நடந்த கடுமையான பயிற்சிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நோய் அவர்களைப் பிடித்திருந்தது. ஓய்விலிருந்து திரும்பிய உடலுக்குச் சுமையைப் படிப்படியாக ஏற்றவேண்டும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் ஆரம்ப பாடம். 2018 மே மாதம் மேரிலாந்து சர்வகலாசாலையில் 19 வயது மாணவன் ஒருவன் பயிற்சியின்போது வெப்பத்தாக்கினால் சாய்ந்தான். ஜூன் 13-ந் தேதி உயிர் நீத்தான். வெப்பத்தாக்குக்கு ஆளானவனைக் குளிர்ந்த நீரில் உடனே அமிழ்த்தவேண்டும். உடலைக் குளிரவைத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பது நிபுணர்கள் ஏகோபித்துச் சொல்லும் முறை. அன்று அது செய்யப்படவில்லை. அந்தச் சாவுக்குச் சட்டப்படியும் தர்மப்படியும் தாங்களே பொறுப்பு என்று சர்வகலாசாலையின் தலைவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தண்ணீரும் ஒரு தொட்டியும், அவற்றை எப்பொழுது உபயோகிப்பது என்ற அறிவும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாக நிற்கும் தொழில் இது.

ஆகையால் பாடத்திட்டத்தைத் தொழிலின் தராதரத்துக்கு உயர்த்தவேண்டும் என்பவர்களின் கட்சி பலமானதே. அச்சபைகள் தங்கள் பரீட்சையை வகுக்கும் முறையில் ஒரு நியாயம் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் தினசரி என்னென்ன காரியங்களைச் செய்கிறார்கள், அவற்றில் எவற்றில் தவறினால் ஆபத்து அதிகம் என்று விசாரித்து அட்டவணை தயாரிக்கிறார்கள். உடல்நிலையைச் சோதித்தல், ஏற்ற பயிற்சியை வகுத்தல், பயிற்சியில் நிலைத்து நிற்கும்படி புத்தி சொல்லுதல், அபாயத்தைத் தவிர்த்தல் என்று அதைப் பிரிக்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் விசாரித்து மாற்றுகிறார்கள். சர்வகலாசாலையிலோ பழைய குறிப்புப் புஸ்தகம் ஆசிரியரோடு சேர்ந்தே வயது ஏறிக்கொண்டிருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

உதாரணம் சொல்வோம். ஒருவன் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரைப் பார்க்கவேண்டுமா என்று தீர்மானிப்பதற்கு வயது, புகைபிடித்தல், தகப்பனாரின் இருதய நோய் முதலியவற்றை ஒவ்வொன்றாக எண்ணும் முறை வெகுநாள் இருந்தது. 2015-ல் அந்த எண்ணிக்கை முறை கைவிடப்பட்டது. அவன் இப்பொழுது எவ்வளவு உழைக்கிறான், நோயோ நோயின் அறிகுறியோ உண்டா, எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்ய விரும்புகிறான் என்ற மூன்றைக் கொண்டு முடிவு செய்யும் முறை வந்தது. பழைய முறைப்படி பார்த்தால், ஆபத்தில்லாத எத்தனையோ பேர் வைத்தியர் வீட்டு வாசலிலிருந்தே பயிற்சியைக் கைவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பதே மாற்றத்துக்குக் காரணம். அதேபோல, மூர்ச்சித்துக் கிடப்பவனுக்கு முதலில் சுவாசம் கொடுப்பது என்ற வரிசை 2010-ல் மாறி, முதலில் மார்பை அழுத்துவது என்று ஆயிற்று. இவற்றை அறியாத பட்டதாரிக்குச் சர்வகலாசாலை கொடுத்த பத்திரம் எந்த மட்டில் செல்லும்?

மாணவனுடைய கட்சியையும் கேட்கவேண்டும். காயமடைந்த விளையாட்டுக்காரர்களைக் கவனிக்கும் 'அதெலடிக் டிரெயினிங்' என்ற தொழிலில், அனுபவத்தைக் காட்டிப் பரீட்சைக்கு உட்காரும் வழி 2004-ல் அடைபட்டது. அங்கீகாரம் பெற்ற வகுப்பில் படித்தவர்களுக்கே இடம் என்றாயிற்று. 2015-ல் செய்த தீர்மானத்தின்படி, 2022-க்குப் பின் முதற்பட்ட வகுப்பில் மாணவர்களைச் சேர்ப்பதே நின்று, எம்.ஏ.க்குச் சமமான மேற்பட்டமே வாசலாகிவிட்டது. பலப்பயிற்சிச் சங்கமும், 2030 முதல் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்தவர்களையே தன் பரீட்சைக்கு அனுமதிப்பதாக அறிவித்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கான பரீட்சைக்கு, முதற்பட்டத்தோடு 1,200 மணி நேர நேரடிப் பழக்கமும் கேட்கப்படுகிறது. இவற்றை முன்கூட்டி அறிந்து பாடத்தைத் திருத்தாத கலாசாலையில், கடன் வாங்கிச் சம்பளம் கட்டி நான்கு வருஷம் படித்த பிள்ளை, கையில் பட்டத்தோடு பூட்டிய கதவின் முன் நிற்பான். அவனிடம் கலாசாலை என்ன சமாதானம் சொல்லும்?

எதிர்க்கட்சியின் வாதமும் அலட்சியமாகத் தள்ளத்தக்கதல்ல. சர்வகலாசாலை என்பது பரீட்சைக்குத் தயார் செய்யும் டுடோரியல் காலேஜ் ஆகிவிடலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். இப்பரீட்சைகள் பெரும்பாலும் கொடுத்துள்ள விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களால் ஆனவை. புஸ்தகத்தை விற்பதும் அதே சங்கம். பரீட்சைக் கட்டணம் வாங்குவதும் அதே சங்கம். பத்திரத்தைப் புதுப்பிக்கப் பணம் பெறுவதும் அதே சங்கம். இன்று பரீட்சையில் வராத விஷயத்தை நாளை எந்த ஆசிரியர் போதிப்பார்? களைப்பைப் பற்றிய அந்த ஹார்வர்ட் ஆராய்ச்சி எந்தத் தொழிற்சபையின் அட்டவணையையும் பார்த்துப் பிறந்ததில்லை. அட்டவணையிலுள்ளவை யாவும் யாரோ ஒருவர் அட்டவணைக்கு அப்பால் சென்று கண்டுபிடித்தவையே.

இரு தரப்பையும் கேட்டபின் நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். தொழிலின் தராதரத்துக்குச் சர்வகலாசாலை கட்டாயம் இணங்கவேண்டும். ஆனால் அது தரையாக இருக்கவேண்டுமேயன்றிக் கூரையாகிவிடக் கூடாது. பட்டம் பெறும் எவனும் அதற்குக் கீழே இறங்கலாகாது. அதற்கு மேலே போகிறவனை எந்த விதியும் தடுக்கலாகாது. சட்டம் படித்தவனுக்கு வாய்தாவும் வக்காலத்தும் தெரிந்திருக்கவேண்டும்; அதற்காக நீதி என்பது என்ன என்று அவன் கேட்பதை யாரும் நிறுத்திவிடுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

இன்னொன்றும் கூறவேண்டும். பிறர் வகுத்த விதிக்கு ஒருவன் கட்டுப்பட நேரும்போது, அந்த விதி பிறக்கும் சபையில் தனக்கு ஓர் ஆசனம் உண்டா என்று கேட்பது அவனுடைய பிறப்புரிமை. அயலார் இயற்றிய சட்டங்களின் கீழ் வெகுகாலம் வாழ்ந்த நமக்கு இதை யாரும் போதிக்கவேண்டியதில்லை. தராதரத்தை வகுக்கும் குழுக்களில் கலாசாலை ஆசிரியர்களும், பயிற்சி பெறும் பொதுஜனங்களின் பிரதிநிதிகளும் உட்காரவேண்டும். குழுவின் காரணங்கள் அச்சிட்டு வெளியிடப்படவேண்டும். அவ்வாறு பிறந்த விதிக்கு இணங்குவது அடிமைத்தனமாகாது.

காரியத்தில் செய்யவேண்டியவை சில உண்டு. முதலாவது, ஒவ்வொரு பகுதியும் தன் பாடங்களையும் தொழிற்சபையின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கம் வைத்து, எந்த விஷயம் எந்த வகுப்பில் போதிக்கப்படுகிறது, எது விடுபட்டிருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை மாணவன் சேரும்போதே அவன் கையில் கொடுக்கவேண்டும். இரண்டாவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, இருதய வேகத்தைக் கொண்டு பயிற்சியின் கடுமையை அளப்பது, சாய்ந்தவனைக் காப்பாற்றுவது முதலியவற்றை எழுத்துப் பரீட்சையோடு நிறுத்தாமல், பரீட்சகர் முன் கையால் செய்துகாட்டும்படி கேட்கவேண்டும். மூன்றாவது, பழைய விதியை நம்பிச் சேர்ந்தவனைப் புதிய விதியால் தண்டிக்கலாகாது. வகுப்பில் இருப்பவர்கள் படித்து முடிக்கப் போதிய அவகாசம் தரவேண்டும். நான்காவது, அங்கீகாரம் பெறும் செலவைத் தாங்கமாட்டாத சிறு கலாசாலைகளுக்கு ராஜ்ய சர்க்கார்கள் கைகொடுக்கவேண்டும். இல்லாவிடில் தராதரத்தின் பெயரால் ஏழைப் பிள்ளைகளுக்கே வாசல் அடைபடும்.

கடல் கடந்த இந்த விவாதத்தில் தமிழ்நாட்டாருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை 1920-ல் ஸ்தாபித்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். நமது பள்ளிக்கூட மைதானங்களில் பல தலைமுறைகளாக விசில் ஊதிய ஆசிரியர்களின் பரம்பரை அங்கிருந்து தொடங்குகிறது. இன்று உடற்கல்விக்கென்றே மேலக்கோட்டையூரில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. வைத்தியத்தைச் சார்ந்த தொழில்களுக்குத் தராதரம் வகுப்பதற்கு இந்திய பார்லிமெண்டு 2021-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. ஊருக்கு ஊர் 'ஜிம்' என்ற பயிற்சிக்கூடங்கள் முளைத்திருக்கும் இக்காலத்தில், அங்கே நம் பிள்ளைகளின் முதுகில் சுமையை ஏற்றுகிறவனுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் பட்டத்தை ஒருபுறமும் பத்திரத்தை மறுபுறமும் வளரவிட்டு, பல வருஷங்கள் கழித்து இரண்டையும் பொருத்தப் பாடுபடுகிறார்கள். நாம் தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துக் கட்டலாம்.

பட்டத்தில் கையெழுத்திடும் துணைவேந்தர் ஒவ்வொருவரும், அதைப் பெறுகிற மாணவனுக்கு மாத்திரம் அதை வழங்குவதாக நினைக்கவேண்டாம். அந்த மாணவனை நம்பித் தன் உடலை ஒப்படைக்கப்போகும், பெயரும் முகமும் தெரியாத ஆயிரம் பேருக்கு அவர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது. கையெழுத்திடுமுன் அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்பாராக.