இறக்கையில் ஒட்டிய கேமரா

2023 மே 27, சனிக்கிழமை காலை. கம்பம் டவுனுக்குள் ஒரு யானை வந்துவிட்டது. ஆசீர்வாதம் பண்ணிக் காசு வாங்கும் கோயில் யானை இல்லை. கேரளாவில் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கிய அரிக்கொம்பன். ஏப்ரல் 29-ல்தான் அந்த ஊர் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. ஒரு மாசம் முடிவதற்குள் மலையிறங்கி நம் பக்கம் வந்துவிட்டது. (ரேஷன் அரிசி இங்கேயும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.)

தெருவில் ஓடியது. ஆட்டோக்களைப் புரட்டியது. 144 போட்டார்கள். ஒரு வழியாக ஊர் ஓரத்துத் தோப்பு ஒன்றில் போய் அமைதியாக நின்றது. வனத்துறைக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். அது நிற்கட்டும், கும்கி வரட்டும், ஊசி போடலாம்.

அப்போதுதான் மேலே ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு சத்தம். பக்கத்து ஊர் யூட்யூப்காரர் ஒருவர் வீடியோ எடுப்பதற்காக டிரோன் விட்டிருந்தார். தேனீக்கூட்டத்தின் சத்தம் கேட்டாலே விலகி ஓடுவது யானையின் சுபாவம். ஆப்பிரிக்காவில் வயலைச் சுற்றித் தேன்கூடு கட்டி யானையை விரட்டுகிறார்கள். டிரோனின் ரீங்காரமும் கிட்டத்தட்ட அதே ஜாதி. அரிக்கொம்பன் மிரண்டு மறுபடி ஓட ஆரம்பித்தது. யூட்யூப்காரரைப் போலீஸ் கைது செய்தது. கம்பத்தில் யானை தள்ளிவிட்டுக் காயம்பட்ட ஒரு பெரியவர் மே 30 அன்று ஆஸ்பத்திரியில் இறந்து போனார். அதற்கும் டிரோனுக்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. ஆனால் மிரண்ட யானை ஒன்று டவுனுக்குள் ஓடுவது என்றால் என்ன என்று கம்பத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜூன் 5-ல் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது.

நிற்க.

ஆகாயத்திலிருந்து படம் எடுக்கும் ஆசை டிரோனோடு வந்ததில்லை. 1858-ல் நதார் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறிப் படம் எடுத்தார். ஜெர்மனியில் ஜூலியஸ் நாய்ப்ரோன்னர் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் புறாவின் மார்பில் கட்டுகிற குட்டி கேமரா செய்து பேட்டன்ட் கேட்டார். “சும்மா கதை விடாதே” என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புறா எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் 1908-ல் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த சர்க்கார்கள் சும்மா இருக்குமா? மேலேயிருந்து படம் எடுத்தால் கோட்டை தெரியும், பட்டாளம் தெரியும். வெள்ளைக்காரன் 1937-ல் நமக்குப் போட்ட விமான விதிகளில் 13-வது விதி, பறக்கிற விமானத்திலிருந்தும் அரசாங்க விமான நிலையத்திலும் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான். விதி இருக்கிறது. 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் ‘பாரதிய வாயுயான் அதினியம்’ வந்த பிறகும் பழைய விதிகள் தொடர்கின்றன.

“அப்போ நான் மதுரையிலிருந்து சென்னை போகும்போது ஜன்னல் வழியா மேகத்தை எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேனே, அது குற்றமா?” என்று பதறாதீர்கள். 2004 டிசம்பரில் டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயணிகள் உள்ளே உட்கார்ந்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. 2020 செப்டம்பரில் ஒரு நடிகை வந்த விமானத்தில் பத்திரிகைக்காரர்கள் கேமராவும் கையுமாக முண்டியடித்தார்கள். கோபமான டி.ஜி.சி.ஏ., விதி மீறிப் படம் எடுத்தால் அந்தத் தடத்தில் இரண்டு வாரம் விமானமே கிடையாது என்று உத்தரவு போட்டது. நாடே அலறவும் மறுநாளே, “ஐயா, சாதாரணப் பயணிகள் எடுக்கலாம், 2004 சலுகை அப்படியே இருக்கிறது” என்று விளக்கம் கொடுத்தது. மேகத்துக்கு ஆபத்தில்லை.

ஆனால் சலுகை உள்ளே இருக்கிறவருக்குத்தான். கேமராவை வெளியே, இறக்கையில் மாட்டினால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சின்னமனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். கல்யாண வீடியோதான் தொழில். விமான வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறவர்.

“அண்ணே, வெளிநாட்டுல சின்ன விமானத்துல எறக்கையில கேமராவ ஒட்டிக்கிட்டு என்னமா எடுக்குறாய்ங்க! நம்ம கம்பம் பள்ளத்தாக்க அப்படி எடுத்தா எப்படிண்ணே இருக்கும்? இந்தப் பக்கம் மேகமலை, அந்தப் பக்கம் குமுளி, நடுவுல திராட்சைத் தோட்டம்...”

“தம்பி, தேனிக்கு ரயிலே பதினோரு வருஷம் கழிச்சு 2022-லதான் திரும்பி வந்துச்சு. நீங்க விமானத்துக்குப் போயிட்டீங்க.”

“சும்மா ஒரு பேச்சுக்குண்ணே. ரப்பர் கப் வச்சு ஒட்டுறதுக்கு எதுக்குண்ணே பெர்மிஷன்?”

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்ன விமானம் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகிறது. கேமராவின் முகம் 7 செ.மீ.க்கு 5 செ.மீ. அதன்மேல் மோதுகிற காற்று சுமார் முக்கால் கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விடாமல் பின்னால் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. அடுத்தது ரப்பர் கப். அதைப் பிடித்து வைத்திருப்பது பசை இல்லை, வெளிக்காற்றின் அழுத்தம். பத்தாயிரம் அடி ஏறினால் அந்த அழுத்தமே முப்பது சதவிகிதம் குறைந்துவிடும். மேலே போகப் போகப் பிடி தளரும். கூடவே எஞ்சினின் உதறல் வேறு.

பிடி விட்டால்? 150 கிராம் கேமரா கீழே வந்து சேரும்போது வேகம் மணிக்குச் சுமார் 95 கி.மீ. கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கும்ப்ளே வேகமாகப் போட்ட பந்தை ஹெல்மெட் இல்லாமல் உச்சந்தலையில் வாங்கிக்கொள்கிற மாதிரி. கீழே திராட்சை பறித்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு ஆட்டம் நடப்பதே தெரியாது. (பறக்கும் விமானத்திலிருந்து கண்டதைக் கீழே போடக் கூடாது என்றும் அதே 1937 விதிகள் சொல்கின்றன.) கேமரா பின்னால் போய் வாலில் மாட்டிக்கொண்டாலோ, வேகம் காட்டுகிற குழாய்க்கு முன்னால் காற்றைக் கலைத்தாலோ, கஷ்டம் விமானிக்கு.

அதனால்தான் எந்த நாட்டிலும் வெளியே எதையாவது மாட்டுவதை ‘விமானத்தில் மாறுதல்’ என்ற கண்ணோடு பார்க்கிறார்கள். அமெரிக்க விதி ரொம்பத் தெளிவு. எடை, சமநிலை, உறுதி, பறக்கும் குணம் எதையும் குறிப்பிடும்படி பாதிக்காவிட்டால் சின்ன மாறுதல். பாதித்தால் பெரிய மாறுதல், அதற்குத் தனி ஒப்புதல். ரப்பர் கப் கேமரா இதில் எந்தப் பக்கம் என்று அங்கே விமானிகள் டீ ஆறும்வரை சண்டை போடுவார்கள். நம் ஊரில் சண்டைக்கு இடம் குறைவு. பாதுகாப்பைத் தொடுகிற மாறுதல் என்றால் டி.ஜி.சி.ஏ. ஏற்றுக்கொண்ட முறைப்படிதான் செய்ய வேண்டும், லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தாண்டினால் 13-வது விதியின் போட்டோ அனுமதி. ஆக இரண்டு பூட்டு.

பூட்டே வேண்டாம் என்கிற ரகத்தில் ஓர் அமெரிக்க யூட்யூபர் இருந்தார். 2021 நவம்பரில் தன் பழைய சின்ன விமானத்தின் வெளியில் பல இடங்களில் கேமரா மாட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் கிளம்பினார். நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டது என்று பாராசூட்டில் குதித்தார். விமானம் காட்டில் விழுந்தது. வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எஞ்சின் நிற்பதற்கு முன்பே ஏனப்பா முதுகில் பாராசூட் என்று அதில் சில பேர் கேட்டார்கள். விசாரித்தால், ஒரு பர்ஸ் கம்பெனி விளம்பரத்துக்காக வேண்டுமென்றே விழவிட்டிருக்கிறார்! உடைந்த விமானத்தை ஹெலிகாப்டரில் தூக்கி வந்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டும் இருக்கிறார். 2022-ல் லைசென்ஸ் பறிபோனது. 2023 டிசம்பரில் தடயத்தை அழித்ததற்காக ஆறு மாசம் ஜெயில். வெளியே மாட்டின கேமராக்கள்தான் அவருக்கு எதிரான முதல் சந்தேகங்களில் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை. செஸ்னா இறக்கையில் கேமரா மாட்ட இரண்டு பூட்டு என்றேன் அல்லவா? அதே கேமராவை டிரோனில் வைத்தால் 1937 விதிகளே பொருந்தாது. 500 கிலோ வரையுள்ள டிரோன்களுக்குத் தனியாக 2021 ஆகஸ்டில் டிரோன் விதிகள் வந்துவிட்டன. வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆகாயத்தைப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடிவரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சளுக்கு விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியைக் கேட்க வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசு.

தம்பி முகத்தில் வெளிச்சம். “அப்ப நமக்குப் பிரச்சனையே இல்லண்ணே!”

“கல்யாணத்துக்குக் காசு வாங்கித்தானே எடுக்குறீங்க?”

“பின்னே, ஓசியிலயா?”

“சர்ட்டிபிகேட் இருக்கா?”

வெளிச்சம் போய்விட்டது. நிறையப் பேருக்குத் தெரியாத இடம் இது. 250 கிராமுக்குள் இருந்தால் நானோ. அதற்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். 250 கிராமிலிருந்து 2 கிலோவரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு என்றால் அதற்கும் வேண்டாம். ஆனால் நூறு ரூபாய் வாங்கினாலும் அது தொழில். தொழில் என்றால் ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். பத்தாவது பாஸ், 18 வயது, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படிப்பு. பத்து வருஷம் செல்லும். டிரோனுக்கும் பைக் நம்பர் மாதிரி ஒரு தனி எண் வாங்க வேண்டும். நானோவைத் தாண்டினால் இன்ஷூரன்ஸும் வேண்டும். மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை. எத்தனை முகூர்த்தம் எடுத்தால் அது திரும்பி வரும் என்று தம்பி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

இன்னொன்றும் சொன்னேன். பச்சைதானே என்று நேற்றைக்குப் பார்த்துவைத்தது இன்றைக்குச் செல்லாமல் போகலாம். யானை, கலவரம், வி.ஐ.பி. என்று ஏதாவது வந்தால் ஓர் இடத்தை 96 மணி நேரம்வரை தற்காலிகச் சிவப்பாக மாற்ற மாநில அரசுக்கும் போலீஸுக்கும் அதிகாரம் உண்டு. காடு வேறு கணக்கு. மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். முல்லைப் பெரியாறு அணை இருப்பது பெரியாறு காப்பகத்துக்குள். ஆகாயம் பச்சையாக இருந்தாலும் கீழே சரணாலயம் என்றால், 1972 வனவிலங்குச் சட்டப்படி படம் எடுக்க வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். விலங்கைச் சீண்டினால் அது தனிக் குற்றம்.

“ஏண்ணே, இத ஒருத்தரும் டிரோன் விக்கிறப்போ சொல்ல மாட்டேங்கிறாய்ங்களே?”

“கேட்டீங்களா?”

“கேக்கலண்ணே. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு மட்டும் கேட்டேன்.”

வருகிற வைகாசியில் ஏழு கல்யாணம் பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம். அதற்குள் பயிற்சி முடிந்துவிடுமா என்று கேட்டார். வகுப்பு ஏழெட்டு நாள்தான், முடிந்துவிடும் என்றேன். இறக்கைக் கேமராவைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.