ரசிகரை விரட்டிய ஓடுதளம்

ஐ.எஸ்.எல். கால்பந்துக்கு எப்போது நெருக்கடி வந்தாலும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது சென்னை ரசிகர்தான். லீகை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையே 2010-ல் போடப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அடுத்து என்ன செய்வது என்று இரு தரப்புக்கும் விளங்கவில்லை. 2025 செப்டம்பர் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய பருவம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. கடைசியில், 14 அணிகளும் தங்களுக்குள் ஒருமுறை மோதினால் போதும், மொத்தம் 91 ஆட்டங்கள், பிப்ரவரி 14-ல் தொடக்கம் என்று 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சொந்த ஊரில் ஓர் அணிக்குக் கிடைக்கும் ஆட்டங்களில் ஏறக்குறைய பாதி இதில் போய்விட்டது. இந்தச் சீரழிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய நேரத்தில் பேச்சு எங்கே போய் நிற்கிறது? சென்னையின் எஃப்.சி. ஆடும்போது பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் கூட்டமே இல்லையாம். வருகிற கொஞ்சம் பேரிடமும் சத்தம் இல்லையாம். சென்னை கிரிக்கெட் ஊராம். ஆள் வராத ஊரில் அணி எதற்கு, வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாமாம்.

காலரி காலியாக இருப்பது உண்மைதான். பல ஆட்டங்களில் சில ஆயிரம் பேரைத் தாண்டுவதில்லை. ஆனால் 2014-ல் மட்டராஸியும் எலானோவும் நீலச் சட்டையில் இறங்கியபோது இதே அரங்கில் இருபதாயிரம் பேர் திரண்ட ஆட்டங்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் கால்பந்தை வெறுத்துவிட்டார்களா? ஆசையோடு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சரியாக எதுவும் தெரியவில்லை, திரும்பிப் போனார்கள். அவர்களை விரட்டியது நேரு விளையாட்டரங்கின் ஓடுதளம்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் காலரியில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். எதிர்முனையில் கார்னர் கிக். பந்து மேலே எழும்புகிறது, ஒரு கும்பல் துள்ளுகிறது, வலை அசைகிறது. உள்ளே போனதா, பக்கவாட்டு வலையில் பட்டதா என்று சொல்ல முடியாது. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பெரிய திரையை அண்ணாந்து பார்க்கிறார். ஆட்டக்காரர்கள் கொடிக் கம்பத்தை நோக்கி ஓடுவதைக் கண்ட பிறகுதான் கோல் என்று புரிகிறது. அப்போது எழும் கூச்சல், செய்தி கேட்டு எழுகிற கூச்சல். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் தொண்டை வறளக் கத்தத்தான் செய்கின்றன. நூறு மீட்டருக்கு மேல் கடந்து அந்தத் தாளம் எதிர்க் காலரிக்குப் போய்ச்சேருவதற்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு விநாடி ஆகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பாட முடியாது.

கணக்கு சுலபமானது. நிலையான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அதற்குள் 105 மீட்டர் நீளக் கால்பந்துத் திடலை வைத்தால், ஒவ்வொரு முனையிலும் சுமார் 10 மீட்டர் திடல் வளைவுக்குள் போகும். கோல் கோட்டிலிருந்து ஓடுதளத்தின் உள்விளிம்பு வரை மிச்சம் 26 மீட்டர். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர், எட்டுத் தடம் என்றால் 9.76 மீட்டர். கூட்டிப் பார்த்தால் கோல் கம்பத்துக்கும் அதற்குப் பின்னால் முதல் வரிசையில் உட்காருபவருக்கும் இடையே குறைந்தது 36 மீட்டர். பெனால்டி அடிக்கும் புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர்தான். அதாவது கோல் கம்பத்துக்கு மிக அருகில் டிக்கெட் வாங்கிய ரசிகர், பெனால்டி அடிப்பவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறார். எதிர்முனைக் கோல் அவருக்கு 141 மீட்டர் தள்ளி. பின் வரிசைக்காரர்களின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இத்தாலியின் டூரின் நகரம் இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் படித்தது. 1990 உலகக் கோப்பைக்காக அங்கே டெல்லே ஆல்பி அரங்கைக் கட்டினார்கள். ஏறக்குறைய 69,000 இருக்கைகள். தடகளத்துக்கும் ஆகட்டுமே என்று சுற்றி ஓடுதளம் போட்டார்கள். பெரிய தடகளப் போட்டி நடத்த வேண்டுமானால் பக்கத்தில் பயிற்சி ஓடுதளமும் வேண்டும், அதைக் கட்டவில்லை. ஆக ஓடுபவருக்கும் பயனில்லை, கால்பந்து பார்ப்பவருக்கும் பயனில்லை. அங்கே குடியேறிய யுவென்டஸ் எப்படிப்பட்ட அணி? இத்தாலி முழுக்க ரசிகர்களைக் கொண்டது, அதிக முறை பட்டம் வென்றது. அந்த அணியே 1995 யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் தன் சொந்த ஆட்டத்தை மிலானுக்குக் கொண்டுபோய் ஆடியது.

2001-02 பருவத்தில் இத்தாலியக் கோப்பைக்காக யுவென்டஸும் சாம்ப்டோரியாவும் டெல்லே ஆல்பியில் மோதின. அன்று அரங்கில் இருந்த பார்வையாளர்கள் 237 பேர். 69,000 இருக்கைகளுக்கு 237 பேர்! அணி மோசமாக இருந்ததா? கோல் காப்பாளர் புஃபோன், பின்வரிசையில் துராம், நடுவில் நெட்வெட் என்று அந்த ஆண்டு கோடிகளைக் கொட்டி ஆள் சேர்த்திருந்தார்கள். அதே பருவத்தில் அந்த அணிதான் இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது. டூரின்காரர்களுக்குக் கால்பந்து பிடிக்காது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரை ஊர் சும்மா விட்டிருக்குமா?

யுவென்டஸ் ரசிகர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை, இருக்கைகள் அதிகம் இருந்தால் லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டும் இருக்கவில்லை. 2003-ல் நகராட்சியிடமிருந்து அரங்கை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. இடித்தது. அதே இடத்தில் சுமார் 41,000 இருக்கைகளோடு, ஓடுதளமே இல்லாத புது அரங்கைக் கட்டி 2011 செப்டம்பரில் திறந்தது. கிட்டத்தட்ட 28,000 இருக்கைகள் குறைந்தன. முதல் வரிசைக்கும் திடலுக்கும் இடைவெளி ஏழரை மீட்டர். அரங்கு நிரம்பியது. அந்த முதல் பருவத்தில் லீகில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற அணி, தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் அதே ஊர், சட்டை அதே கறுப்பு வெள்ளைச் சட்டை, மாறியது திடலுக்கும் ரசிகருக்கும் இடையே இருந்த தூரம்.

மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டி முடிந்த கையோடு ஓடுதளத்தைப் பெயர்த்து, தரையைத் தோண்டித் தாழ்த்தி, அந்த இடத்தில் இன்னொரு அடுக்கு இருக்கை போட்ட பிறகுதான் மான்செஸ்டர் சிட்டி அங்கே போனது. பிரைட்டன் அணி 12 ஆண்டு ஒரு தடகளத் திடலில் ஏழாயிரம் சொச்சம் பேரோடு காலம் தள்ளியது. 2011-ல் தனக்கென்று அரங்கு கட்டிப் போன முதல் பருவத்திலேயே கூட்டம் ஏறக்குறைய மூன்று மடங்கானது.

கொல்கத்தா சால்ட் லேக் அரங்கிலும் ஓடுதளம் இருக்கிறதே, 1997-ல் அங்கே ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வந்தார்களே என்று கேட்பார்கள். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் வயல்வெளியில் மோதினாலும் அந்தக் கூட்டம் வரும். அதை அரங்கின் பெருமையாகக் காட்டுவது வாதமே இல்லை. ஓடுதளம் உள்ள பெங்களூரு கண்டீரவா அரங்கின் உதாரணமும் அப்படித்தான்; ஒரு சிறிய காலரியின் ஆர்ப்பரிப்பைக் காட்டி முழு அரங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். அணி சரியாக ஆடாததால்தான் கூட்டம் இல்லை என்பவர்களுக்கு 2018 மார்ச்சை நினைவூட்டுகிறேன். சென்னையின் எஃப்.சி. பெங்களூருவுக்கே போய், பெங்களூரு அணியை 3-2 என்று வென்று இரண்டாம் முறை சாம்பியன் ஆனது. கோப்பை வந்தது, கூட்டம் வரவில்லை.

இனி 'கிரிக்கெட் ஊர்' என்ற பழி. 2023 ஆகஸ்ட் 12 சனிக்கிழமை மாலை, பெரியமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம். அரியலூர் கார்த்தி செல்வம் இடம்பெற்ற இந்திய அணி, இடைவேளையில் 1-3 என்று மலேசியாவிடம் பின்தங்கியிருந்தது. முடியும்போது 4-3 என்று வென்றது. அன்று அங்கே இருந்தவர்களிடம் கேளுங்கள். ஹாக்கிக்கென்றே அமைந்த அரங்கு அது. மட்டை மோதும் சத்தம் காதில் விழும், கோல் காப்பாளர் கத்துவது கேட்கும். ஹாக்கியே மறந்துபோன ஊர் என்று சொல்லப்பட்ட சென்னைதான் அன்று அந்த அரங்கை அதிரவைத்தது.

அதே ஆகஸ்ட் 12 மாலை, கொல்கத்தாவில் டூராண்ட் கோப்பை ஆட்டம். நாலரை ஆண்டாக மோகன் பகானை வெல்ல முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோலை அடித்து ஒரு பாதிக் கொல்கத்தாவையே தெருவுக்கு இழுத்துவந்தவர் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். தன் பெயரை ஆயிரக்கணக்கானவர்கள் கத்திக் கேட்க அவர் 1,600 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

லீகை நடத்தியவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவர்களுடைய ரசிகர் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவர். அவருக்காகத்தான் வேலைநாளில் இரவு ஏழரைக்கு ஆட்டம். கும்மிடிப்பூண்டி ரயிலையோ செங்கல்பட்டு ரயிலையோ பிடித்து நள்ளிரவுக்கு முன் வீடு சேர வேண்டிய தகப்பனும் பிள்ளையும் அவர்கள் கணக்கில் எங்கும் இல்லை. நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்கும் கேமராவுக்கு ஓடுதளம் ஒரு தொந்தரவே இல்லை, ஜூம் செய்துகொள்ளும். காலி இருக்கைகளின் மேல் விளம்பரத் துணியைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் என்று விலைபேசியவர்கள், அந்தப் பணத்தில் ஓர் ஊரிலாவது கால்பந்துக்கென்று ஓர் அரங்கம் எழும்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்திருக்கக் கூடாதா? தாங்களே ரசிகரை 36 மீட்டர் தள்ளி உட்கார வைத்துவிட்டு, அவர் கிட்ட வரவில்லை என்று புகார் சொல்கிறார்கள்.

ஓடுதளத்தைப் பெயர்க்கச் சொல்வது என் நோக்கமில்லை. அந்தச் செந்தளத்தில் விடிகாலை ஐந்தரைக்கு ஓட வரும் பிள்ளைகளுக்கு வேறு இடம் இல்லை. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி அங்கேதான் நடந்தது. 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்தையும் 1995-ல் தெற்காசியப் போட்டிகளையும் ஒரே கூரைக்குள் நடத்த வேண்டியிருந்த காலத்தில் கட்டியது அது. அரங்கைத் தடகளத்துக்கே முழுசாக விட்டுவிட்டுக் கால்பந்து வெளியேற வேண்டும். எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. வடசென்னையில் வியாசர்பாடி இருக்கிறது. முல்லை நகர்த் திடலில் மாலை நாலரைக்கு மேல் போய் நின்றால், பத்து வயதுப் பையன்களும் பெண் பிள்ளைகளும் புழுதியில் பந்தை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு முறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்த தனபால் கணேஷ் அந்தப் பகுதிக்காரர். ஐ.சி.எஃப்., ரயில்வே, இந்தியன் வங்கி என்று நிறுவன அணிகள் கோலோச்சிய காலத்திலிருந்து வடசென்னையில் கால்பந்து பேட்டைக்குப் பேட்டை பரம்பரையாக வருகிறது. தங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரங்கு இருந்தால் அந்த ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா?

அரசிடம் பணம் இல்லை என்ற பேச்சை ஏற்க முடியாது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று மட்டும் 60 கோடிக்கு மேல் செலவிட்டு 2024 ஜனவரியில் அரங்கம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளைக் கார் பந்தயத் தடமாக மாற்றி இரவில் ஃபார்முலா 4 நடத்த முடிந்தது. மனம் வைத்தால் மாதக்கணக்கில் முடிகிற வேலைகள்.

வியாசர்பாடி வட்டாரத்தில் 15,000 இருக்கைகள் போதும். நான்கு பக்கமும் திடலை நெருக்கி நிற்கும் காலரி, முதல் வரிசைக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் எட்டு மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கோலுக்குப் பின்னால் ஒரு பக்கம் நூறு ரூபாய் டிக்கெட். வார இறுதியில் மாலை ஐந்து மணி ஆட்டம். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்கு நிதி ஒதுக்கட்டும். அரங்கு திறந்த மூன்றாம் பருவத்தில் அங்கே ஒரு டிக்கெட்டுக்குச் சிபாரிசு தேடி அலைவார்கள், இன்று சென்னையில் கால்பந்துக்கு ஆளில்லை என்று சொல்பவர்களும் சேர்த்து.