ஓசையற்ற துவக்கு

வன்னிக் காட்டில் வெடி தீர்ந்தால் ஒரு கட்டைக்கு அப்பாலும் கேட்கும். சுடுபவரின் செவிக்கோ அது பேரிடி. அவ்வோசையை அடக்கும் கருவிக்கு 1909-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான ஹைரம் பேர்சி மாக்சிம். இயந்திரத் துவக்கைக் கண்டுபிடித்த மாக்சிமின் மைந்தர் இவர். தந்தை எழுப்பிய ஓசையைத் தனயர் அடக்க முற்பட்டார் போலும்!

குழல்வாயில் சீறும் வெப்ப வாயுவைச் சிற்றறைகளில் சுழலவிட்டு ஆறச் செய்தலே அதன் வேலை. மோட்டார் வண்டியின் சைலென்சரும் இக்கொள்கையினதே. எனினும் பூரண மௌனம் கிட்டாது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்ல, வேட்டை றைபிளின் குண்டோ ஏறத்தாழ 800 மீற்றர் விரைகிறது. அது காற்றைக் கிழிக்கும் ஓசையை எவ்வறையும் அடக்காது.

கருவியைப் பூட்டினால் துவக்கு நீண்டு புதரில் இடறும் என்று குழலைக் குறுக்குவோர் உளர். குறுகிய குழலில் குண்டின் வேகம் குன்றுகிறது. வாயிற் சீறும் வாயுவின் அழுத்தமோ மிகுகிறது. அடக்க வந்த ஓசையைத் தாமே பெருக்கிக்கொள்கின்றனர்!

நோர்வே, பின்லாந்து வேட்டைக்காரர் செவியைக் காக்கவே இதனைப் பூட்டுகின்றனர். நம் நாட்டிலோ துவக்குக்கு 1916-ம் ஆண்டுச் சட்டமும், வனவிலங்குக்கு 1937-ம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆயினும் இருளில் நிகழும் களவு வேட்டையை வனக்காவலருக்கு உணர்த்துவது பெரும்பாலும் வெடியோசையே. மரைக் கூட்டம் சிதறி ஓடுவதும் அதைக் கேட்டே.