சீட்டு நம் கையில், கணக்கு யார் கையில்?



கடந்த சம்பளத்துக்கு மறுநாள் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் எமது சங்கக் கிளைக்கு வந்தார். டவுனில் வாங்கிய லொத்தர் சீட்டை ஒரு விற்பனையாளரிடம் காட்டியிருக்கிறார். "அம்மா, ஒரு சீட்டுக் காசுதான் விழுந்திருக்கு" என்று சொன்ன அவர், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு 40 ரூபாய் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் மகன் முதல் நாளே அந்தச் சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தான். இலக்கங்களை ஒப்பிட்டால், விழுந்திருந்தது ஒரு நாட்சம்பளத்தை விடக் கூடிய தொகை! திரும்பிப் போய்க் கேட்டபோது, "எந்தச் சீட்டு?" என்றாராம். சீட்டு கையில் இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பணம் பெற முடியுமா?

"லொத்தர் அவரவர் சொந்த விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். தராசில் கிலோ குறைந்தால் நாம் கேட்கவில்லையா? சேமலாப நிதிப் படிவத்தை வாசிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள் என்று சொல்லவில்லையா? தொழிலாளிக்கு வாசிக்கத் தெரியாது என்ற துணிச்சலில் நடக்கும் எல்லாக் களவும் ஒரே களவுதான்.

லொத்தர் வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. தினமும் ஒரு 40 ரூபாய் சீட்டு என்றால் மாதத்துக்கு 1200 ரூபாய். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2015 முதல் 2021 வரை நாம் நடத்திய போராட்டத்தை மறந்துவிட்டோமா? லயத்தின் கூரை ஒழுகுவதைச் சீட்டிழுப்பு சரிசெய்யாது. ஆனாலும் வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது.

சீட்டை வாங்கியவுடன் பின்புறத்தில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். கொழுந்துக் கூடையில் போட்டு நனையவிடாதீர்கள்; இலக்கம் அழிந்த சீட்டுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் நாலு பேருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடிவு பார்க்கும்போது இலக்கம் மட்டுமல்ல, சீட்டிழுப்பின் திகதியும், எழுத்தோ ராசியோ இருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். வேறு நாள் முடிவைக் காட்டி "விழவில்லை" என்பதும் ஒரு தந்திரம். முடிவைத் தெரிந்துகொள்ளும் முன் சீட்டைக் கைமாற்றாதீர்கள். படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள், தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள். பெரிய பரிசு என்றால் இடைத்தரகர் வேண்டாம்; அடையாள அட்டையுடன் நேரே சபையின் அலுவலகத்துக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் காசு அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் யார் சொன்னாலும் அது மோசடி. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது!

தேசிய லொத்தர் சபையும் அபிவிருத்தி லொத்தர் சபையும் அரசாங்கத்தின் சபைகள். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. அப்படியானால் தோட்டப்புற டவுன்களில் ஒவ்வொரு விற்பனை இடத்திலும் முடிவுகளும் பரிசு விபரமும் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கேட்போம்.

அதுவரை, சீட்டு வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கு நம் சங்கக் கிளை வாசித்துக் கொடுக்கும். வெட்கப்பட வேண்டாம், வாருங்கள்.