இடத்தைக் காட்டுங்கள், செடியை அவர்கள் வைப்பார்கள்

மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் கட்டட இடிபாடு, உடைந்த பீங்கான், ஆளுயரச் சீமைக்கருவேலம், ஓரத்தில் யாரோ கொண்டுவந்து நிறுத்திய டிராக்டர் டிரெய்லர். திண்டுக்கல் சாலையை ஒட்டிப் பெருத்துவிட்ட விளாங்குடிப் பக்கத்துக் குடியிருப்புகளும் இதற்கு விலக்கல்ல. பேரூராட்சியாக இருந்த விளாங்குடி 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போது 72 வார்டுகள் 100 ஆயின. வரி கேட்டு நோட்டீஸ் தவறாமல் வருகிறது. பூங்கா இடத்துக்கு மட்டும் இன்னும் கேட்பாரில்லை.

இந்த இடம் மாநகராட்சி தன் காசில் வாங்கியதன்று. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக எஞ்சும் பரப்பில் பத்து சதவீதத்தைத் திறவிடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. எழுதிக் கொடுப்பவர் மனை விற்றவர்தான். ஆனால் அந்தப் பத்து சதவீதத்தின் விலையையும் சேர்த்துக் கட்டியவர்கள் அங்கே மனை வாங்கி வீடு கட்டிக் கடனில் இருப்பவர்கள். இப்படி நிலத்தை எழுதி வாங்குவது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்த பெங்களூரு வழக்கில், அது கூடாது என்று அதே நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1959-ல், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறவிடங்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையில் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியல் போட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முதல் வேலை. விளாங்குடியில் வீடு கட்டிக் குடியிருக்கும் எத்தனை பேருக்குத் தங்கள் தெருவின் பூங்கா இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும்?

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் கடப்பாறையோடு வருகிறார்கள். குப்பையை அள்ளி, இரண்டடிக் குழி வெட்டி, மக்கிய எரு போட்டு, புங்கையும் பூவரசும் நாவலும் வைக்கிறார்கள். ஆடு கடிக்காமல் முள் கட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, "யாரைக் கேட்டு வைத்தீர்கள்? அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேள்வி வருகிறது. அதே இடத்தில் இரவோடிரவாக இடிபாடு கொட்டிய லாரியிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. ஊர் ஊருக்குத் தன்னார்வலர்கள் சொல்லும் கதை இது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனாலும், சொல்பவருக்கு ஆறாத கதை.

கேள்வியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஏதாவது விழா வருகிறதென்றால் 'சுத்தம் செய்ய' ஆள் வருவார்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் நைலான் நரம்பு, புல்லோடு சேர்த்து இளங்கன்றின் அடித்தண்டையும் சீவிவிடும். தண்டைச் சுற்றி ஓரங்குல அகலத்துக்குப் பட்டை போனால் போதும். இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்காது. உடனே வாடாது என்பதால் வெட்டியவருக்குத் தான் செய்தது தெரியவே தெரியாது. நாளாக ஆக வேர் பட்டினி கிடந்து கன்று காயும். தப்பிப் பிழைப்பதை ஜேசிபி பார்த்துக்கொள்ளும். இரண்டு ஆண்டு உழைப்பை அரைமணி நேரத்தில் அழித்தவர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னால், "ஒப்பந்ததாரரின் ஆள், தெரியாமல் செய்துவிட்டான்" என்று பதில் வரும். தெரியாது என்பது ஒரு பதிலா? கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்கு இயந்திரம் போகக் கூடாது, கையால்தான் களையெடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்?

அரசுத் தரப்பு தானே மரம் வளர்க்கக் கிளம்பினாலும் வேடிக்கைதான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்பதற்காக, அக்னி நட்சத்திரம் முடிந்த சூட்டில் கன்று நட்டுப் படம் எடுப்பார்கள். மதுரைச் சமவெளிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். ஜூனில் வைத்த கன்று ஐப்பசி வரை யார் கையை எதிர்பார்த்து நிற்கும்? இன்னொரு பக்கம், சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று ஊரெங்கும் சாலை நடுவிலும் பூங்காவிலும் கோனோகார்பஸ் நட்டார்கள். ஒவ்வாமை, குழாயைத் துளைக்கும் வேர் என்று புகார்கள் குவிந்த பிறகு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசே அதற்குத் தடை போட்டது. உள்ளூர் மரம் வையுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊர் இது. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்புதான். ஆற்றங்கரைக்கு மருது, அகன்ற திடலுக்கு இலுப்பையும் வாகையும், மின்கம்பி ஓடும் பக்கம் உயரம் போகாத ஆவாரை, நொச்சி என்று இடம் பார்த்து மரம் சொல்ல இந்த மண்ணில் ஆள் உண்டு. சிமெண்ட் கல் பரப்பி, இரும்பு உடற்பயிற்சிக் கருவி நாலு நட்டு, மூலையில் புல்தரை காட்டுவதற்குப் பூங்கா என்று பேர் வைக்கும் ஒப்பந்தப் புத்திதான் மாற வேண்டும்.

முடியாத காரியமொன்றும் இல்லை. சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில், 2006-லிருந்து 'நிழல்' அமைப்பும் அக்கம்பக்கத்தாரும் நாட்டு மரங்களை வளர்த்து ஒரு மரப்பூங்காவையே உண்டாக்கிவிட்டார்கள். நிலத்தை அரசு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இறங்கி வேலை செய்ய இடம் கொடுத்தது, அவ்வளவே. சென்னையில் முடிந்தது மதுரையில் ஏன் முடியாது?

குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு இடித்த கழிவை எதிர்ப்பக்கப் பூங்கா இடத்தில் கொட்டச் சொன்னது அதிகாரி அல்ல. கொட்டியவர் நம் தெருக்காரர். அவரையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

மதுரை மாநகராட்சி ஆணையரும் விளாங்குடிப் பகுதியின் மாமன்ற உறுப்பினர்களும் இனியும் தள்ளிப்போட இடமில்லை. வார்டுவாரியாகத் திறவிடங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு மண்டல அலுவலகத்திலும் இணையத்திலும் போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லைக்கல் ஊன்றிப் பலகை வையுங்கள். 2022 முதல் கூடும் பகுதி சபையில் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டி, ஆக்கிரமிப்பு எது, எப்போது அகலும் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். பராமரிக்க முன்வரும் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கூடவே ஒரு தண்ணீர் இணைப்பும் கொடுங்கள். அவர்கள் வைத்த கன்றைப் பிடுங்கியவரிடம் அபராதம் வசூலியுங்கள். இத்தனையும் ஐப்பசி பிறப்பதற்குள் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்னொரு மழைக்காலம் வரை காத்திருக்கத்தான் முடியும்.