"மூன்று அங்குலம்தானே" என்று சொல்லும் முன்...



இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு இருக்கிறது: "மூன்று அங்குலத்துக்குள் என்றால் கத்தி வைத்திருக்கலாம்." இது பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆளை மாட்டிவிடும்.

முதலில், மூன்று அங்குலம் எங்கிருந்து எங்கே? பல கத்திகளில் பிடியை ஒட்டிய சிறு பகுதி தீட்டப்படாமல் இருக்கும். அடிமட்டத்தைப் பிடியில் வைத்தால் ஓர் அளவு, கூர் தொடங்கும் இடத்தில் வைத்தால் இன்னோர் அளவு. அங்கத்தைய 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139 ஆம் பிரிவு, அலகை அல்ல, அதன் வெட்டும் விளிம்பைத்தான் சொல்கிறது. அது 3 அங்குலத்தை (7.62 செ.மீ.) தாண்டக்கூடாது. எதை அளப்பது என்று சட்டமே சொல்வது நல்லது. விமானக் கைப்பையில் கொண்டு போகும் கத்தரிக்கோலுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி அப்படித்தான்: இரண்டு அலகும் சேரும் ஆணியிலிருந்து 6 செ.மீ. இப்படி எழுதிவிட்டால் அளப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த 3 அங்குலச் சலுகை மடக்குக் கத்திக்கு மட்டும்தான். பழம் வெட்டும் சின்னக் கத்திக்குக் கூட இல்லை. விரித்ததும் பூட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் மடங்கும் கத்திக்கும் இல்லை. இந்தக் கடைசி விஷயம் சட்டத்தின் வரிகளில் இல்லை, 1990களின் ஆரம்பத்தில் வந்த நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. 4 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றத்துக்கு, சாதாரண மனிதன் வாசித்து விளங்கும்படி அதையும் சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உணவகத்தில் சமையல் வேலை செய்யும் பிள்ளை வேலைக்காகக் கத்தி கொண்டு போனால் சட்டம் அதை ஏற்கும். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். வேலை முடிந்து, அதே பையோடு கூட்டாளி வீட்டுக்குப் போகும்போது பிடிபட்டால், "மறந்துவிட்டேன்" என்பது மட்டும் போதாது. அளவு சரியாக இருந்தாலும், ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதுவும் குற்றம்.

உம்மா, வாப்பாமாரே, பிள்ளைக்குப் போன் எடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்: எத்தனை அங்குலம் என்பதற்கு முன், அந்தக் கத்தி ஏன் உன் பையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள். பதில் இல்லையென்றால் அறையிலேயே வைத்துவிட்டுப் போ.